மூட்டை தூக்கியவர் உலக உச்சியில் நின்றார்!

உலகத்தில் மிக உயரமான மலைச் சிகரம் எவரெஸ்ட். இமயமலையில் இருக்கிறது. அதன் உயரம் 29,032 அடி. ஏறக்குறைய ஐந்தரை மைல்!

எப்போதும் பனி மூடிக் கிடக்கும் சிகரம் அது. அங்கே காற்று மெலிந்து போயிருக்கும். நாலு அடி நடந்தால் மூச்சு முட்டும். கை கால் விறைத்துப் போகும். சூறைக்காற்று ஆளையே தூக்கி எறிந்துவிடும்.

1921-ம் ஆண்டு முதல் வெள்ளைக்காரர்கள் கோஷ்டி கோஷ்டியாக அந்த மலைக்குப் போனார்கள். 30 ஆண்டுகளுக்கு மேல் முயன்றார்கள். உச்சியில் ஏறி உயிரோடு திரும்பியவர் ஒருவரும் இல்லை. பலர் மலையிலேயே மாண்டார்கள்.

கடைசியில், 1953-ம் ஆண்டில் இரண்டு பேர் உச்சியை அடைந்தார்கள். ஒருவர், நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த எட்மண்ட் ஹில்லாரி. தேனீ வளர்ப்பது அவருடைய தொழில். மற்றொருவர், டார்ஜிலிங்கில் வாழ்ந்த டென்சிங் நார்கே. மூட்டை தூக்குவது அவருடைய தொழில்.

டென்சிங் பள்ளிக்கூடம் போனவர் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாது. சொத்து சுகமும் கிடையாது. எவரெஸ்டுக்கு அவர் 7 தடவை புறப்பட்டார். 6 தடவை தோற்றுத் திரும்பினார். முதல் பயணத்துக்கும் கடைசிப் பயணத்துக்கும் நடுவே 18 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த 18 ஆண்டுகளில் பெற்ற மகனைப் பறிகொடுத்தார். மனைவியையும் பறிகொடுத்தார். ஆனாலும் மலை ஆசை மட்டும் அவரை விடவில்லை.

மாடு மேய்த்த சிறுவன்

டென்சிங் 1914-ம் ஆண்டில் பிறந்தவர். பிறந்த தேதி சரியாகத் தெரியாது. அந்த மலைநாட்டில் தேதி குறித்து வைப்பவர் யார்? வயலில் பயிர் நின்ற நிலையைக் கொண்டு, மே மாதக் கடைசி என்று பிற்காலத்தில் கணக்குப் போட்டார்கள்.

அவர் ஷெர்பா வகுப்பைச் சேர்ந்தவர். ஷெர்பாக்களின் முன்னோர்கள் திபெத்தில் இருந்து வந்து, நேபாள நாட்டு மலைகளில் குடியேறியவர்கள். புத்த மதத்தினர். உருளைக்கிழங்கும் வாற்கோதுமையும் பயிரிடுவார்கள். யாக் என்னும் சடை மாடுகளை வளர்ப்பார்கள்.

டென்சிங்கின் தந்தை பெயர் மிங்மா. தாயார் பெயர் கின்சோம். அவர்களுக்கு 13 குழந்தைகள். டென்சிங் 11-வது குழந்தை. மற்றக் குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் சின்ன வயதிலேயே இறந்துபோனார்கள்.

பெற்றோர் வைத்த பெயர் வேறு. நம்கியால் வாங்டி என்பது அந்தப் பெயர். ஒரு மடத்தின் தலைமைத் துறவி குழந்தையைப் பார்த்தார். பெயரை மாற்றும்படி சொன்னார். டென்சிங் நார்கே என்று மாற்றினார்கள். செல்வமும் அதிர்ஷ்டமும் உள்ள பக்தன் என்று அதற்குப் பொருள். செல்வம் இல்லாத வீட்டில் செல்வம் என்று ஒரு பெயர்!

தாமே என்ற கிராமத்தில் டென்சிங் வளர்ந்தான். மாடுகளை மலைச்சரிவுகளில் ஓட்டிக்கொண்டு போவான். தனியாக உட்கார்ந்து, எதிரே தெரியும் பெரிய மலையையே பார்த்துக்கொண்டு இருப்பான்.

அந்த மலையை வெள்ளைக்காரர்கள் எவரெஸ்ட் என்றார்கள். ஷெர்பாக்களுக்கு அது சோமோலுங்மா. பறவையாலும் பறந்து தாண்ட முடியாத மலை அது என்று தாயார் அவனுக்குச் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சு பையனின் மனதில் பதிந்துவிட்டது.

மகனைத் துறவி ஆக்கப் பெற்றோர் விரும்பினார்கள். புத்த மடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ஒரு துறவி, பலகையால் அவன் தலையில் அடித்துவிட்டார். டென்சிங் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடி வந்தான். மறுபடியும் மடத்துப் பக்கம் போகவில்லை. எழுத்துக் கற்றுக்கொள்ள இருந்த ஒரே வாய்ப்பும் அதோடு போயிற்று.

வீட்டை விட்டு ஓட்டம்

மலையேறுகிறவர்களுக்கு மூட்டை தூக்க ஷெர்பாக்கள் டார்ஜிலிங்குக்குப் போவது வழக்கம். திரும்பி வரும்போது கனமான பூட்ஸ், கம்பளிச் சட்டை எல்லாம் போட்டுக்கொண்டு வருவார்கள். டென்சிங் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான்.

1932-ம் ஆண்டுக் கடைசியில், பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளாமல் டார்ஜிலிங்குக்குப் புறப்பட்டுவிட்டான். அப்போது அவனுக்கு வயது 18.

டார்ஜிலிங்கில் உடனே மலை வேலை கிடைக்கவில்லை. மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் கிடைத்தது. பால் விற்றான். பால் விற்றுக்கொண்டே நேபாளி மொழி கற்றுக்கொண்டான்.

1933-ம் ஆண்டில் ஓர் ஆங்கிலேயக் கோஷ்டி எவரெஸ்டுக்குப் போக ஆள் எடுத்தது. டென்சிங் ஓடிப்போய் வரிசையில் நின்றார். நீண்ட தலைமயிரை வெட்டிவிட்டு, நேபாளிகளைப் போல உடை அணிந்திருந்தார். அதுவே வினையாக முடிந்தது. இவர் ஷெர்பா அல்ல, நேபாளி என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள்.

மறு ஆண்டில் தாமே கிராமத்துக்கு ஒரு நடை போய் வந்தார். மகன் இறந்துபோனான் என்றே பெற்றோர் நினைத்திருந்தார்கள். அவரைக் கண்டதும் கண்ணீர் விட்டு அழுதார்கள்.

சிரிப்பு தந்த வேலை

1935-ம் ஆண்டு பிறந்தது. எரிக் ஷிப்டன் என்ற ஆங்கிலேயர் எவரெஸ்டுக்குப் புறப்பட்டார். கூலி ஆட்களை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். அநேகமாக எல்லாரையும் எடுத்தாகிவிட்டது. இன்னும் இரண்டு பேர்தான் தேவை. 20-க்கு மேற்பட்டவர்கள் நின்றார்கள்.

டென்சிங்கிடம், மலை வேலை செய்ததற்கு நற்சாட்சிப் பத்திரம் எதுவும் இல்லை. முகத்தில் சிரிப்பு மட்டும் இருந்தது. வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஷிப்டனுக்குப் பிடித்துவிட்டது. எடுத்துக்கொண்டார்.

நாள் ஒன்றுக்குக் கூலி 12 அணா. பனி விழும் எல்லைக்கு மேலே போனால் 1 ரூபாய்.

அப்போது நேபாளத்துக்குள் வெளிநாட்டுக்காரர்கள் வரக்கூடாது. ஆகவே டார்ஜிலிங்கில் இருந்து சிக்கிம் வழியாகத் திபெத்துக்குப் போய், எவரெஸ்டின் வடக்குப் பக்கமாக ஏறவேண்டும். அந்த மலை அடிவாரத்துக்குப் போய்ச் சேருவதற்கே வாரக்கணக்கில் நடக்கவேண்டும். மூட்டையை முதுகில் வைத்து, அதன் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு, குனிந்தபடி நடப்பார்கள். மேடு, பள்ளம், ஆறு, பனிக்காற்று, எது வந்தாலும் நடை நிற்காது.

அந்தப் பயணத்தில் டென்சிங் 22,000 அடி உயரம் வரை மூட்டை சுமந்தார். மற்றக் கூலிகளுக்கு அது பிழைப்பு. மேலே போகவேண்டாம் என்று சொன்னால் சந்தோஷப்படுவார்கள். டென்சிங்குக்கோ, இறங்கச் சொன்னால்தான் வருத்தம்.

1936-ம் ஆண்டில் இரண்டாவது தடவை போனார். காலநிலை கெட்டுப்போயிற்று. கோஷ்டி திரும்பிவிட்டது.

1938-ம் ஆண்டில் மூன்றாவது தடவை. டில்மன் என்பவர் கோஷ்டித் தலைவர். குளிர் தாங்காமல் இரண்டு ஷெர்பாக்கள் நடுவழியில் மூட்டைகளைப் போட்டுவிட்டார்கள். அவற்றில் கூடாரமும் அடுப்பு எரிக்கும் எண்ணெயும் இருந்தன. அவை இல்லாவிட்டால் மேலே இருப்பவர்கள் விறைத்துச் சாகவேண்டியதுதான். டென்சிங் தனியாகக் கீழே இறங்கினார். மூட்டைகளை எடுத்துக்கொண்டு மறுபடியும் மேலே ஏறினார்.

அந்தத் தடவை 27,200 அடி உயரம் வரை போனார். மிக உயரத்தில் சிறப்பாக வேலை செய்யும் ஷெர்பாக்களுக்குப் புலிப் பதக்கம் கொடுப்பார்கள். டென்சிங்குக்கு அது கிடைத்தது. அவர் புலி ஆனார்.

அடுக்கடுக்காகத் துயரம்

டென்சிங்கின் மனைவி பெயர் தாவா புட்டி. 1935-ம் ஆண்டில் அவர்கள் திருமணம் நடந்தது. ஒரு மகன் பிறந்தான். பிறகு இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். மூத்தவள் பெம் பெம். இளையவள் நீமா.

1939-ம் ஆண்டில் மகன் இறந்துபோனான். அப்போது அவனுக்கு வயது 4.

அந்த ஆண்டில் இரண்டாவது உலகப் போரும் மூண்டது. எவரெஸ்டுக்கு யாரும் வரவில்லை. பிழைப்புக்காக டென்சிங் சித்ரால் என்ற இடத்துக்குப் போனார். அது இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே ஒரு ராணுவ அதிகாரியிடம் வேலை பார்த்தார்.

1944-ம் ஆண்டில் தாவா புட்டியும் அங்கே இறந்தார். ஊர் தெரியாத ஊர். உற்றார் உறவினர் யாரும் இல்லை. தாய் இல்லாத இரண்டு சின்னக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு டென்சிங் டார்ஜிலிங்குக்குத் திரும்பினார்.

மறு ஆண்டில் ஆங் லாமு என்ற ஷெர்பாப் பெண்ணை மணந்துகொண்டார். ஆங் லாமுவுக்குக் குழந்தை இல்லை. பெம் பெம்மையும் நீமாவையும் சொந்த மகள்களாக வளர்த்தார். டென்சிங்குக்கு வேலை இல்லாத காலத்தில், ஆங் லாமு ஆயா வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

திருட்டுப் பயணம்

1947-ம் ஆண்டில் டென்மன் என்ற கனடா நாட்டுக்காரர் டார்ஜிலிங்குக்கு வந்தார். அவரிடம் பணம் இல்லை. நல்ல கம்பளி உடை இல்லை. திபெத்துக்குள் போக அனுமதியும் இல்லை. ஆனால் எவரெஸ்டில் ஏறவேண்டுமாம்!

இது நடக்காத காரியம் என்று டென்சிங்குக்குத் தெரியும். பிடிபட்டால் ஆபத்து என்பதும் தெரியும். ஆனால் எவரெஸ்ட் என்ற பெயரைக் கேட்டதும் அவரால் மறுக்க முடியவில்லை. கிளம்பிவிட்டார்.

ஒளிந்து ஒளிந்து திபெத்தைக் கடந்தார்கள். மலையிலும் ஏறத் தொடங்கினார்கள். குளிரும் காற்றும் விரட்டின. திரும்பிவிட்டார்கள். அது நான்காவது தோல்வி.

போகும்போது டென்மன் தம்முடைய கம்பளிக் குல்லாவை டென்சிங்குக்குக் கொடுத்துவிட்டுப் போனார். டென்சிங் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வேறு மலைகளுக்கும் போனார். 1951-ம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்களுடன் நந்தாதேவி மலைக்குப் போனார். கோஷ்டித் தலைவரும் இன்னொருவரும் சிகரத்தை நோக்கிப் போனார்கள். திரும்பவே இல்லை. அவர்களைத் தேடிக்கொண்டு டென்சிங்கும் ஒரு பிரெஞ்சுக்காரரும் நந்தாதேவி கிழக்குச் சிகரத்தின் உச்சி வரை ஏறினார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆள் அடையாளம் தெரியவில்லை. டென்சிங்கின் வாழ்நாளில் அவர் ஏறிய மலைகளில் மிகவும் கடினமானது அதுதான் என்று பிற்காலத்தில் அவர் கூறியது உண்டு.

மெழுகுவர்த்தியில் உருக்கிய பனிக்கட்டி

திபெத்து வழி அடைபட்டுவிட்டது. ஆனால் நேபாளம் கதவைத் திறந்தது. எவரெஸ்டின் தெற்குப் பக்கமாக ஏற வழி கிடைத்தது.

1952-ம் ஆண்டில் சுவிட்சர்லாந்துக் கோஷ்டி வந்தது. டென்சிங்தான் ஷெர்பாக்களுக்குச் சர்தார். அதாவது, ஆட்களுக்கு எல்லாம் தலைவர். அதோடு, மலையேறும் வீரர்களில் ஒருவராகவும் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். மூட்டை தூக்குகிறவர் என்று ஒதுக்கி வைக்கவில்லை. சமமாக நடத்தினார்கள். டென்சிங்கின் மனம் குளிர்ந்தது.

அந்தக் கோஷ்டியில் ரேமண்ட் லாம்பர்ட் என்ற வீரர் இருந்தார். முன்பு ஒரு மலையில் பனியில் சிக்கி, கால் விரல்களை எல்லாம் இழந்தவர். விரல் இல்லாத காலோடு எவரெஸ்டுக்கு வந்தவர்! அவருடைய பாஷை டென்சிங்குக்குத் தெரியாது. டென்சிங்கின் பாஷை அவருக்குத் தெரியாது. கையால் ஜாடை காட்டிப் பேசிக்கொண்டார்கள். உயிர் நண்பர்கள் ஆனார்கள்.

மே மாதம் 27-ந் தேதி இரவு, இருவரும் 27,500 அடி உயரத்தில் ஒரு சின்னக் கூடாரத்தில் தங்கினார்கள். போர்த்திக்கொள்ள எதுவும் இல்லை. ஸ்டவ் இல்லை. சாப்பாடும் போதவில்லை. தாகத்தால் நாக்கு வறண்டது. ஒரு தகர டப்பாவில் பனிக்கட்டியைப் போட்டு, மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கி, ஆளுக்குக் கொஞ்சம் குடித்தார்கள். தூங்கினால் விறைத்துப் போவோம் என்று பயந்து, விடிய விடிய ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டு இருந்தார்கள்.

பொழுது விடிந்ததும் ஏறினார்கள். பிராண வாயுக் கருவி சரியாக வேலை செய்யவில்லை. மூன்று அடி வைப்பார்கள். நிற்பார்கள். சில இடங்களில் தவழ்ந்து போனார்கள். 28,210 அடி உயரத்தை எட்டினார்கள். அதற்கு முன் அதைவிட உயரத்துக்குப் போய்த் திரும்பியவர் யாரும் இல்லை.

சிகரம் கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் 800 அடிதான் பாக்கி. ஆனால் மேலே போனால் திரும்ப முடியாது என்பது இருவருக்கும் புரிந்தது. லாம்பர்ட் கையால் கீழே காட்டினார். டென்சிங் தலையை ஆட்டினார். திரும்பினார்கள்.

அதே ஆண்டு குளிர் காலத்துக்கு முன்பு சுவிட்சர்லாந்துக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். டென்சிங்கும் போனார். பனிக்கட்டிகள் சரிந்து விழுந்ததில் ஒரு ஷெர்பா மாண்டார். கோஷ்டி திரும்பியது. அது ஆறாவது தோல்வி.

டென்சிங்கை மலேரியாக் காய்ச்சல் பிடித்தது. பாட்னாவில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். உடம்பு இளைத்து, எலும்பும் தோலுமாக வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி தடுத்தார்

அந்த நேரத்தில் ஆங்கிலேயரிடம் இருந்து அழைப்பு வந்தது. 1953-ம் ஆண்டில் கர்னல் ஜான் ஹன்ட் தலைமையில் ஒரு கோஷ்டி போகிறது. டென்சிங் வரவேண்டும் என்று கேட்டார்கள்.

ஆங் லாமு தடுத்தார். உடம்பு தேறவில்லை, போனால் உயிர் தப்பாது, பெண்டு பிள்ளைகள் கதி என்ன ஆகும் என்று அழுதார்.

டென்சிங்குக்கும் அது தெரியாதது அல்ல. அப்போது அவருக்கு வயது 38. இந்தத் தடவை விட்டால் அடுத்த தடவை கிடையாது. வீட்டில் கிடந்து சாவதைவிட எவரெஸ்டில் சாவதே மேல் என்று சொல்லிவிட்டார்.

தாம் இறந்துபோனால் குடும்பத்துக்கு உதவி செய்யவேண்டும் என்று மித்ரா என்ற வங்காளி நண்பரிடம் கேட்டுக்கொண்டார். மித்ரா சம்மதித்தார். ஓர் இந்தியக் கொடியையும் கொடுத்தார். உச்சியை அடைந்தால் அதைப் பறக்கவிடும்படி சொன்னார்.

இளைய மகள் நீமாவும் ஒன்று கொடுத்தாள். சிவப்பும் நீலமும் கலந்த ஒரு சின்னப் பென்சில். அவள் பள்ளிக்கூடத்தில் எழுதிய பென்சில். எழுதத் தெரியாத அப்பா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஏழாவது பயணம்

காத்மாண்டு நகரில் எல்லாரும் கூடினார்கள். வெள்ளைக்காரர்களுக்கு நல்ல அறைகள். ஷெர்பாக்களுக்கு மோட்டார் நிறுத்தும் கொட்டகை. ஷெர்பாக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. டென்சிங்தான் அவர்களைச் சமாதானம் செய்தார். வந்த காரியம் பெரிது என்று எடுத்துச் சொன்னார்.

மார்ச் மாதத்தில் புறப்பட்டார்கள். 350-க்கு மேற்பட்ட கூலிகள் மூட்டைகளைச் சுமந்துகொண்டு மலைப்பாதையில் நடந்தார்கள். ஆண்களும் பெண்களும் சேர்ந்து நடந்தார்கள்.

எவரெஸ்டுக்குப் போகும் வழியில் கும்பு பனிவீழ்ச்சி என்று ஓர் இடம் உண்டு. வீடு வீடாகப் பனிக்கட்டிகள் குவிந்து கிடக்கும். எந்த நேரமும் சரியும். நடுவே ஆழமான பிளவுகள் இருக்கும்.

ஒரு நாள் டென்சிங்கும் ஹில்லாரியும் ஒரே கயிற்றில் உடம்பைக் கட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தார்கள். ஹில்லாரி ஒரு பிளவைத் தாண்டிக் குதித்தார். கால் வைத்த பனிக்கட்டி உடைந்தது. பிளவுக்குள் விழுந்தார். டென்சிங் கண் இமைக்கும் நேரத்தில் பனிக்கோடரியைத் தரையில் குத்தி, கயிற்றை அதில் சுற்றி இழுத்துப் பிடித்தார். ஹில்லாரி உயிர் தப்பினார். அன்று முதல் அவர்கள் ஜோடி சேர்ந்தார்கள்.

ஹன்ட் இரண்டு ஜோடிகளைத் தேர்ந்தெடுத்தார். முதல் ஜோடி இரண்டு ஆங்கிலேயர்கள். மே மாதம் 26-ந் தேதி அவர்கள் ஏறினார்கள். சிகரத்துக்கு 300 அடி இருக்கும்போது பிராண வாயு போதாமல் திரும்பிவிட்டார்கள்.

இனி டென்சிங், ஹில்லாரி முறை.

கடைசி இரவு

மே மாதம் 28-ந் தேதி. மூன்று துணையாட்கள் உதவியுடன், டென்சிங்கும் ஹில்லாரியும் 27,900 அடி உயரத்தில் கூடாரம் போட்டார்கள். சமதரையே இல்லை. பனியை வெட்டி, படி போல இரண்டு தட்டுகள் செய்து, ஆளுக்கு ஒரு தட்டில் படுத்தார்கள். துணைக்கு வந்தவர்கள் கீழே போய்விட்டார்கள்.

விடியற்காலை 4 மணிக்குக் கூடாரத்தைத் திறந்து பார்த்தார்கள். வானம் தெளிவாக இருந்தது. வெகு ஆழத்தில், தெங்போச்சே புத்த மடம் புள்ளி போலத் தெரிந்தது. டென்சிங் அதை ஹில்லாரிக்குச் சுட்டிக் காட்டினார்.

ஹில்லாரி இரவில் பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார். அவை கல்லாக உறைந்து போயிருந்தன. ஸ்டவ் மேலே காட்டிக் காய்ச்சி இளக வைத்தார்கள். அதிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது. டென்சிங் பூட்ஸோடு தூங்கியவர்!

டென்சிங் அன்று அணிந்திருந்த காலுறை ஆங் லாமு பின்னியது. குல்லா டென்மன் கொடுத்தது. கழுத்தில் இருந்த சிவப்புத் துணி லாம்பர்ட் கொடுத்தது. அன்பு உள்ளவர்கள் எல்லாரும் கூடவே வருவது போல இருந்தது.

காலை 6½ மணிக்கு ஏறத் தொடங்கினார்கள். 9 மணிக்குத் தெற்குச் சிகரத்தை அடைந்தார்கள். அதற்கு மேல் கத்தி முனை போன்ற பாதை. இரு பக்கமும் பல ஆயிரம் அடிப் பள்ளம். வழியில் 40 அடி உயரத்தில் சுவர் போல ஒரு பாறை நின்றது. பாறைக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே இருந்த இடுக்கில் ஹில்லாரி நுழைந்து, முண்டி முண்டி மேலே ஏறினார். கயிற்றைப் பிடித்துக்கொண்டு டென்சிங்கும் ஏறினார்.

பிறகு மேடு மேலே மேடாக வந்துகொண்டே இருந்தது. ஒரு மேட்டைத் தாண்டினால் இன்னொன்று. திடீரென்று, அதற்கு மேல் மேடு இல்லை. வானம்தான் இருந்தது.

உச்சியில் 15 நிமிஷம்

1953-ம் ஆண்டு மே மாதம் 29-ந் தேதி, பகல் 11½ மணி. இருவரும் எவரெஸ்டின் உச்சியில் நின்றார்கள்.

ஹில்லாரி கை குலுக்கக் கையை நீட்டினார். டென்சிங்குக்கு அது போதவில்லை. இரண்டு கைகளாலும் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முதுகில் தட்டினார்.

டென்சிங் பனிக்கோடரியை உயர்த்திப் பிடித்தார். அதில் நாலு கொடிகள் பறந்தன. ஐக்கிய நாடுகள் சபைக் கொடி, பிரிட்டிஷ் கொடி, நேபாளக் கொடி, இந்தியக் கொடி. ஹில்லாரி படம் பிடித்தார். உலகம் முழுவதும் பார்த்த படம் அதுதான். ஹில்லாரி உச்சியில் நிற்கும் படம் கிடையாது.

டென்சிங் பனியில் ஒரு சின்னக் குழி தோண்டினார். மிட்டாய்களை அதில் வைத்தார். சோமோலுங்மாவுக்கு அது காணிக்கை. பிறகு சட்டைப் பையில் இருந்து நீமாவின் பென்சிலை எடுத்து, அதையும் வைத்துப் பனியால் மூடினார்.  இங்கே மகளின் பென்சிலைவிட அருமையான பொருள் அவரிடம் இல்லை.

கீழே பார்த்தார். சிறுவயதில் மாடு மேய்த்த இடங்கள் வெகு தூரத்தில் கிடந்தன. அங்கிருந்து அண்ணாந்து பார்த்த மலை இப்போது காலுக்குக் கீழே இருந்தது. கைகூப்பி வணங்கினார்.

15 நிமிஷம் ஆயிற்று. இறங்கத் தொடங்கினார்கள்.

முதலில் ஏறியது யார்?

ஜூன் மாதம் 2-ந் தேதி, இங்கிலாந்தில் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா. அன்று காலையில் இந்தச் செய்தி லண்டனில் வெளிவந்தது. உலகமே குதூகலம் அடைந்தது.

ஆனால் டென்சிங்குக்கு ஒரு புதுத் தொல்லை முளைத்தது. உச்சியில் முதலில் கால் வைத்தவர் யார் என்று எல்லாரும் கேட்டார்கள். காத்மாண்டுக்குத் திரும்பியபோது பெருங்கூட்டம் கூடியது. டென்சிங் மேலே நின்று ஹில்லாரியைக் கயிற்றால் தூக்குவது போலப் படம் எழுதி வைத்திருந்தார்கள். அவர் நேபாளியா, இந்தியரா என்றும் சண்டை போட்டார்கள். அவர் சொல்லாததை எல்லாம் எழுதிக் கையெழுத்துக் கேட்டவர்களும் உண்டு. படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்?

டென்சிங் தவித்துப்போனார். இரண்டு பேரும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள், ஏறக்குறைய ஒன்றாகவே ஏறினோம் என்று இருவரும் சேர்ந்து அறிக்கை கொடுத்தார்கள். வாய்ப் பேச்சு ஓயவில்லை.

1955-ம் ஆண்டில் டென்சிங்கின் வரலாறு புத்தகமாக வந்தது. அவர் சொல்லச் சொல்ல ஓர் அமெரிக்க எழுத்தாளர் எழுதினார். அதில் டென்சிங் உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சில அடி முன்னால் போன ஹில்லாரிதான் முதலில் கால் வைத்தார், பின்னாலேயே தாம் போனதாகக் கூறினார். தம்மைத்தான் முதல்வர் என்று கொண்டாட லட்சக்கணக்கான பேர் இருந்தார்கள். அவர்கள் வருத்தப்படுவார்கள் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னார். மலையில் ஏறியதைவிட இது சின்னக் காரியம் அல்ல.

நேருவின் சட்டை

டெல்லியில் பிரதமர் நேரு டென்சிங்கைத் தம் வீட்டுக்கு அழைத்தார். லண்டனுக்குப் போக டென்சிங்கிடம் நல்ல உடைகள் இல்லை. நேரு தம்முடைய அலமாரியைத் திறந்து, தம் உடைகளையே எடுத்துக் கொடுத்தார். அவை டென்சிங்குக்கு அளவாக இருந்தன.

லண்டனில் ராணி அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கினார். ஹன்டுக்கும் ஹில்லாரிக்கும் சர் பட்டம் கிடைத்தது. இந்திய அரசாங்கம் 1959-ம் ஆண்டில் டென்சிங்குக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது.

நேரு இன்னொரு நல்ல காரியமும் செய்தார். இமயமலையேறும் பயிற்சி நிலையம் ஒன்றை 1954-ம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ந் தேதி டார்ஜிலிங்கில் தொடங்கி வைத்தார். டென்சிங்தான் அங்கே பயிற்சி இயக்குநர். பள்ளிக்கூடம் போகாதவர் ஆசிரியர் ஆனார்! அதற்காகவே சுவிட்சர்லாந்துக்குப் போய், மாணவனைப் போலப் பாடம் கற்றுக்கொண்டு வந்தார்.

22 ஆண்டுகள் பாடம் சொல்லிக் கொடுத்தார். கயிறு கட்டுவது எப்படி, பனியில் படி வெட்டுவது எப்படி, எந்த நேரத்தில் திரும்பவேண்டும் என்பதை எல்லாம் கற்பித்தார். 6 தடவை உயிரோடு திரும்பி வந்தவர் அல்லவா? திரும்பத் தெரிந்தவன்தான் மறுபடியும் ஏற முடியும்.

அவருடைய மருமகன் முறையான நவாங் கொம்பு 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் எவரெஸ்டில் ஏறினார். எவரெஸ்டில் இரண்டு தடவை ஏறிய முதல் மனிதர் அவர். டென்சிங்கின் மகன் ஜாம்லிங், 1996-ம் ஆண்டில் தந்தை நின்ற இடத்தில் போய் நின்றார்.

மறைவு

ஆங் லாமு 1964-ம் ஆண்டில் காலமானார். டென்சிங் 1976-ம் ஆண்டில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். 1986-ம் ஆண்டு மே மாதம் 9-ந் தேதி டார்ஜிலிங்கில் காலமானார்.

அப்போது ஹில்லாரி, இந்தியாவில் நியூசிலாந்து நாட்டின் தூதராக இருந்தார். செய்தி கேட்டு டார்ஜிலிங்குக்கு வந்து, இறுதிச் சடங்கில் கலந்துகொண்டார். பயிற்சி நிலையம் இருக்கும் குன்றிலேயே டென்சிங்கின் உடல் தகனம் செய்யப்பட்டது. அங்கே அவருக்குச் சிலை இருக்கிறது.

டென்சிங் பல மொழிகள் பேசுவார். ஆனால் கடைசி வரை எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்துப் போட மட்டும் கற்றுக்கொண்டிருந்தார். தமக்குக் கிடைக்காத படிப்பைத் தம் பிள்ளைகளுக்குக் குறைவில்லாமல் கொடுத்தார்.

உலகத்தின் உச்சியில் அவர் வைத்துவிட்டு வந்தது, மகள் எழுதிய ஒரு பென்சில்.